சென்னை–லண்டன்: தூரம் ஒன்று, நேரம் மட்டும் ஏன் நான்கு?

ஒரு வாசகர் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுபது தாண்டிய அம்மா ஜனவரியில் சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்குப் போகிறார், அக்கா வீட்டுக்கு. நேரடி விமானம். தூரம் காட்டும் ஓர் இணையதளம் 8,230 கி.மீ., 9 மணி 9 நிமிடம் என்கிறது. டிக்கெட்டில் சென்னையில் காலை 5:30க்குக் கிளம்பி லண்டனில் காலை 11:10க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. கழித்துப் பார்த்தால் 5 மணி 40 நிமிடம். டிராவல் ஏஜெண்ட் "பதினொரு மணி நேரத்துக்கு மேல ஆகும் சார்" என்கிறார். திரும்பி வரும் டிக்கெட்டோ பத்து மணி நேரம் என்கிறது. அம்மா 12 மணி நேரத்துக்கு ஒரு முறை மாத்திரை சாப்பிட வேண்டியவர். எந்த எண்ணை நம்புவது?

டிராவல் ஏஜெண்டை நம்புங்கள். மற்ற எண்களும் பொய் இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில். நான் விமானம் ஓட்டியவன் அல்ல. விமானம் கிளம்புவதற்கு முன் பாதையும் எரிபொருளும் கணக்குப் போட்டுக் கொடுக்கும் டிஸ்பாட்ச் அறையில் பல வருடம் உட்கார்ந்தவன். அந்த அறையில் "எத்தனை கிலோமீட்டர்?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எத்தனை மணி நேரம், எத்தனை டன் எண்ணெய், இவை இரண்டுதான் பேச்சு.

5 மணி 40 நிமிடத்தை முதலில் தள்ளிவிடலாம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் சென்னைக் கடிகாரம், இறங்கும் நேரம் லண்டன் கடிகாரம். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. உங்கள் டிக்கெட் இந்தக் கணக்குக்கு வசதியாக அமைந்துவிட்டது: சென்னையில் காலை 5:30 என்றால் லண்டனில் அப்போது சரியாக நள்ளிரவு 12. அங்கிருந்து 11:10 வரை எண்ணினால் 11 மணி 10 நிமிடம். அவ்வளவுதான். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அப்போது வித்தியாசம் நாலரை மணிதான். அம்மா ஏப்ரலிலோ அதற்குப் பிறகோ திரும்புவதாக இருந்தால் இதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது 8,230. இது எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை யாராவது இருந்தால் ஒரு குளோபும் இருக்கும். பூக்கட்டும் நூலை எடுத்து ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையை லண்டனிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகப் போய் உட்காரும் கோடுதான் அந்த 8,230 கி.மீ. பெருவட்டப் பாதை என்று இதைச் சொல்வார்கள். சென்னை வடக்கே 12.99 பாகை, கிழக்கே 80.17, ஹீத்ரோ வடக்கே 51.47, மேற்கே 0.45. இந்த நான்கு எண்களை வைத்துப் பத்தாம் வகுப்பு முக்கோணவியலைவிடக் கொஞ்சம் கூடுதலான கணக்கைப் போட்டால் விடை வந்துவிடும். பூமியைச் சரியான உருண்டையாக எடுத்துக்கொள்கிறோமா, துருவங்களில் சற்றுத் தட்டையானதாகவா என்பதைப் பொறுத்து சில கிலோமீட்டர் முன்னே பின்னே போகும். நடுக்கோட்டில் பூமியின் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. இரண்டு தளங்கள் இரண்டு எண் காட்டினால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

நூல் எதன் மேல் போகிறது என்று பாருங்கள். ராய்ச்சூர் பக்கம், நாசிக் பக்கம், கட்ச், அப்புறம் பலுசிஸ்தான், கிழக்கு ஈரான். காஸ்பியன் கடலில் பாகு நகரத்துக்குச் சற்றுத் தெற்கே வரும்போது சரிபாதி தூரம் முடிந்திருக்கும். பிறகு வடக்குக் காகசஸ், தெற்கு உக்ரைன், செக் நாட்டின் வடக்கு ஓரம், ஜெர்மனி. சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் வேறு ஊர்கள் வரும். அந்தக் கோட்டின் வழியே போனால் சரிபாதி தூரம் முடியும் இடம், ஈராக்கில் பழைய பாபிலோன் இருந்த இடத்துக்கு அருகில் விழும். பார்வைக்கு அதுதான் நேர்கோடு. ஆனால் நூல் காட்டும் வழியைவிட அது ஏறக்குறைய 250 கி.மீ. நீளம். இருக்கைக்கு முன்னாலுள்ள திரையில் விமானம் வில் மாதிரி வளைந்து போவதைப் பார்த்து "சுத்தி வளைச்சுக் கூட்டிட்டுப் போறான்" என்று சொல்லாத பயணி குறைவு. வளைந்திருப்பது வரைபடம்தான்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தெரியும் பரங்கிமலையைப் பார்த்திருப்பீர்கள். 1802இல் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அங்கிருந்துதான் எஃகுச் சங்கிலியை வைத்துத் தெற்கே பெரும்பாக்கம் பக்கம் வரை ஏறக்குறைய 12 கி.மீ. அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே அடிக்கோடு. ஓர் அட்சப் பாகை எத்தனை நீளம், பூமி எந்த அளவுக்குத் தட்டை என்று கண்டுபிடிப்பது அவர் நோக்கங்களில் ஒன்று. இன்று தூரக் கணக்குத் தளம் அரை நொடியில் துப்பும் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கேள்வி அதேதான். ஓடுதளத்திலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் அது தொடங்கியது.

இன்னொரு சின்னக் குழப்பம், மைல். சில தளங்கள் சென்னை–லண்டனை 5,115 மைல் என்னும், சில 4,444 என்னும். முதலாவது சாலை மைல். இரண்டாவது கடல் மைல், 1,852 மீட்டர். விமானத் துறை முழுக்கக் கடல் மைலில்தான் ஓடுகிறது. தெற்கு வடக்காக ஓர் அட்சப் பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஏறக்குறைய ஒரு கடல் மைல்; வரைபடத்தில் கணக்குப் போடச் சுலபம்.

சரி, அந்த 8,230ஐ 900ஆல் வகுத்தால் 9 மணி 9 நிமிடம். தளம் செய்தது இவ்வளவுதான். 900 என்பதும் நியாயமான எண். நெடுந்தூர விமானங்கள் வேகத்தை ஒலியின் வேகத்தில் எத்தனை பங்கு என்றே பிடிக்கின்றன. போயிங் 787க்கு அது வழக்கமாக 0.85. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 55 டிகிரி குளிரில் ஒலியே மணிக்கு 1,060 கி.மீ. வேகத்தில்தான் போகும். அதில் 0.85 பங்கு என்றால் கிட்டத்தட்ட 900. கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கில் மூன்று விஷயங்கள் இல்லை. பாதை, காற்று, தரையில் கழியும் நேரம்.

பாதையைப் பார்ப்போம். மேலே சொன்ன நூல் வழியில் இன்று எந்தப் பயணி விமானமும் முழுதாகப் பறப்பதில்லை. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி மூடிக்கிடக்கிறது. அதையடுத்துப் பிரிட்டிஷ் விமானங்களுக்கு ரஷ்யாவும் கதவைச் சாத்திவிட்டது. 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வழியை அடைத்தது. பதிலுக்கு இந்தியாவும் அடைத்தது. இந்தத் தடையில் பிரிட்டிஷ் நிறுவனத்தின் விமானம் மாட்டாது, இந்திய நிறுவனத்தின் விமானம் மாட்டும். ஒரே இரண்டு ஊர், ஒரே ரக விமானம், வாலில் இருக்கும் கொடியைப் பொறுத்துப் பாதை மாறும். 2019லும் பாலாகோட் தாக்குதலுக்குப் பிறகு பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடு வரை பாகிஸ்தான் வழி அடைபட்டிருந்தது. ஈரான், ஈராக் பக்கம் பதற்றம் வந்தால் அதுவும் சில நாள் மூடும், 2025 ஜூனில் நடந்ததுபோல. மிச்சம் இருப்பவை இரண்டு வழி. ஒன்று, காஸ்பியன், அஜர்பைஜான், ஜார்ஜியா, கருங்கடல் என்று ரஷ்யாவுக்கும் ஈரானுக்கும் இடையில் இருக்கும் சந்து. மற்றது, அரபிக்கடல் தாண்டி வளைகுடா, துருக்கி என்று தெற்கே போவது. எந்த வழி என்பதைக் கிளம்புவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்னால் அன்றைய நிலவரத்தை வைத்து முடிவு செய்வார்கள். சுற்று எவ்வளவு என்பது நாளுக்கு நாள் மாறும். கணக்குக்காக 8,600 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே ஒரு வேடிக்கை. சென்னை–துபாய் ஏறக்குறைய 2,930 கி.மீ., துபாய்–ஹீத்ரோ 5,500. கூட்டினால் 8,430. அதாவது துபாயில் இறங்கி ஏறினாலும் பெருவட்டக் கணக்கில் நேர்வழியைவிட 200 கி.மீ.தான் அதிகம். வளைகுடா விமான நிறுவனங்கள் நம் ஊர்க்காரர்களை லண்டனுக்கு ஏற்றிப்போய்ப் பிழைப்பதில் இந்தப் புவியியலுக்கும் பங்கு உண்டு. ஆனால் பறக்கும் நேரம் முதல் பகுதிக்கு நாலு மணிக்கு மேல், அடுத்ததற்கு ஏழு மணிக்கு மேல், நடுவில் காத்திருப்பு வேறு. எழுபது வயது அம்மாவைத் தனியாக அனுப்புவதென்றால் நேரடி விமானம்தான் என் தேர்வு, காசு கூடினாலும்.

அடுத்தது காற்று. போகும்போது அதிகம், வரும்போது குறைவு என்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். பலர் இதைத் தலைகீழாக யோசிப்பார்கள்: பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது, அப்படியானால் மேற்கே போகிற விமானத்தை நோக்கி லண்டன் தானே வர வேண்டும், சீக்கிரம் போய்ச் சேர வேண்டாமா? காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் நீந்துகிறது. ஓடும் ரயிலில் எம்பிக் குதித்தால் பின்பெட்டியில் போய் விழுவதில்லையே, அதுபோல.

விமானத்தின் 900 என்பது சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்ட வேகம். தரையை ஒப்பிட்டால் அது ஆற்றில் பரிசல் விடுவது மாதிரி. தண்ணீர் போகும் பக்கம் துடுப்புப் போட்டால் ஒரு வேகம், எதிர்த்துப் போட்டால் வேறு வேகம், துடுப்புப் போடும் கை ஒன்றுதான். குளிர்காலத்தில் வட இந்தியா, ஈரான் மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது. அதன் மையத்தில் மணிக்கு 200 கி.மீ. தாண்டுவது சாதாரணம். விமானம் அதை நேருக்கு நேர் எதிர்ப்பதில்லை, குறுக்காக வெட்டிப் போகிறது. ஐரோப்பா மேலே இன்னொரு காற்று. எல்லாம் சேர்த்து வழி முழுக்கச் சராசரியாக 60 கி.மீ. எதிர்க்காற்று என்று ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம்.

போகும்போது தரை வேகம் 840. 8,600ஐ வகுத்தால் 10 மணி 14 நிமிடம். வரும்போது 960; வகுத்தால் 8 மணி 57 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 9 மணி 33 நிமிடம். கவனித்தீர்களா, போகும்போது இழந்தது 41 நிமிடம், வரும்போது கிடைத்தது 36 நிமிடம்தான். அதே காற்று, அதே வழி, ஆனாலும் கணக்கு நேராகவில்லை. எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அதன் பிடியில் அதிக நேரம் இருக்கிறோம். பின்காற்று சீக்கிரம் தள்ளிவிடுவதால் அதன் உதவி குறைந்த நேரத்துக்குத்தான். போக, வரச் சேர்த்துப் பார்த்தால் காற்று எப்போதும் கடன்காரன்தான்.

கோடையில் இந்த வித்தியாசம் குறையும். அந்த மேற்கு ஜெட் காற்று இமயமலைக்கு வடக்கே நகர்ந்துவிடும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் நம் தலைக்கு மேலே வேறொன்று வரும்: கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் ஜெட் காற்று. அதை 1950களில் ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டேஸ்வரம். அதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கு மேலே, 14–16 கி.மீ. வாக்கில் இருந்தாலும் அதன் அடிப்பகுதி விமானத்தையும் கொஞ்சம் தள்ளும். ஜூலையில் சென்னையிலிருந்து மேற்கே கிளம்பும் விமானத்துக்கு முதல் ஒரு மணி நேரம் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுகிற மாதிரி. தரையில் வீசுவது தென்மேற்குக் காற்று, மேலே அடிப்பது கிழக்குக் காற்று. டிஸ்பாட்ச் அறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் காற்று வரைபடத்தில் இதைப் பார்த்துத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று ஒரு முறை திருப்பிப் பார்ப்பார்கள். நானும் பார்த்தவன்தான்.

காற்றின் இந்தப் பாடு தெரிந்ததால்தான் திட்டம் போடுபவர்கள் குறுகிய பாதையைத் தேடுவதில்லை, சீக்கிரம் முடியும் பாதையைத் தேடுகிறார்கள். 300 கி.மீ. சுற்றினாலும் எதிர்க்காற்றின் மையத்தைத் தவிர்க்க முடிந்தால் அது லாபம். 787 போன்ற விமானம் மணிக்கு ஏறக்குறைய ஐந்து, ஐந்தரை டன் எண்ணெய் குடிக்கும். அரை மணி நேரம் மிச்சமானால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இதனால் அடுத்தடுத்த இரண்டு நாள் ஒரே விமானம் இரண்டு வேறு நாடுகளின் மேலே பறப்பது சர்வசாதாரணம்.

மூன்றாவது, தரை. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை எடுப்பதிலிருந்து, அங்கே போய் மறுபடி கட்டை வைப்பது வரை. பிளாக் டைம் என்பார்கள். 5:30 என்றால் 5:30க்கு விமானம் வானத்தில் இருக்காது. நிற்கும் இடத்தை விட்டு நகரும். பின்னால் தள்ளி, என்ஜின் போட்டு, ஓடுதள முனைக்கு உருண்டு, முறை வந்து கிளம்ப கால் மணி, இருபது நிமிடம் ஆகும். காற்று கிழக்கிலிருந்து வீசினால் சென்னையில் கிழக்கு நோக்கி, கடல் பக்கம் ஏறித்தான் வடமேற்கே திரும்ப வேண்டும். லண்டனுக்குப் போகிறவர் முதலில் வங்காள விரிகுடாவைப் பார்ப்பார்.

அந்தக் கோடியில் ஹீத்ரோ. இரண்டே ஓடுதளம், நாள் முழுக்க நெரிசல். வந்த உடனே இறக்கிவிட மாட்டார்கள். லண்டனைச் சுற்றி நான்கு காத்திருப்பு இடங்கள் உண்டு: போவிங்டன், லாம்போர்ன், பிகின் ஹில், ஓக்கம். அங்கே விமானங்கள் ஆயிரம் அடிக்கு ஒன்றாக மாடி மாடியாக நின்று வட்டம் அடிக்கும். கீழ்மாடி காலியானால் மேல்மாடி ஒரு படி இறங்கும். கிழக்கிலிருந்து வருபவை பெரும்பாலும் லாம்போர்ன் பக்கம்தான். பத்து நிமிடம் சுற்றுவது செய்தியே அல்ல. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் "என்னமோ ஆயிடுச்சு, இறங்க மாட்டேங்குது" என்று பயந்துவிடுவார்.

இவற்றை எல்லாம் கூட்டுங்கள். 10 மணி 14 நிமிடம், தரையில் இரண்டு பக்கமும் சேர்த்து அரை மணி, ஏறி இறங்கும்போது மெதுவாகப் போவதற்கும் வட்டம் அடிப்பதற்கும் ஒரு கால் மணி. பதினொன்றைத் தொட்டுவிட்டோம். மிச்சப் பத்து நிமிடம் நிறுவனம் கைக்காவலாக வைத்துக்கொள்வது. சொன்ன நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் சரியான நேரத்தில் வந்ததாகக் கணக்கு. அந்தக் கணக்கில் பெயர் கெடாமல் இருக்க அட்டவணையில் கொஞ்சம் துணியைத் தாராளமாக வெட்டுவார்கள். அட்டவணையே கோடை, குளிர் என்று ஆண்டுக்கு இரண்டு போடுவார்கள். குளிர்கால அட்டவணையில் மேற்கே போகும் நேரம் பொதுவாக நீளமாக இருக்கும்.

தாராளமாக வெட்டியதால் வரும் தொல்லையும் உண்டு. நான் வேலையில் இருந்தபோது ஒரு குளிர்கால இரவு, பின்காற்று எதிர்பார்த்ததைவிட அதிகம், எங்கள் விமானம் நாற்பது நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டது. நிறுத்த இடம் இல்லை. முன்னால் கிளம்ப வேண்டியது இன்னும் கிளம்பவில்லை. அரை மணிக்கு மேல் ஓடுதள ஓரத்தில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் போனை எடுத்து "வந்துட்டோம், வெளியே வரோம்" என்று சொல்லிவிட்டார்கள். வெளியே காத்திருந்தவர்கள் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள். சீக்கிரம் வந்ததற்குக் கேப்டனுக்கு நன்றி, காக்க வைத்ததற்கு எங்களுக்குத் திட்டு.

கேள்வியின் கடைசியில் "யாழ்ப்பாணத்துக்கு 355 கி.மீ.தானே, அதற்கு மட்டும் ஏன் ஒன்றேகால் மணி நேரம்?" என்றும் கேட்டிருந்தீர்கள். அதே கணக்குத்தான், பெரிதாகத் தெரிகிறது அவ்வளவே. யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலிக்குப் போவது ஏடிஆர் 72, காற்றாடி வைத்த விமானம். வேகம் மணிக்கு 500 கி.மீ. பக்கம். வெறுமனே வகுத்தால் 43 நிமிடம். ஆனால் தரையில் உருள்வது, ஏறுவது, சுற்றித் திரும்பி இறங்குவது இவற்றுக்கான நேரம் தூரம் குறைந்தால் குறையாது. லண்டன் பயணத்தில் இந்த அரை மணி கண்ணுக்குத் தெரியாது. யாழ்ப்பாணப் பயணத்தில் அது மொத்தத்தில் பாதியை நெருங்கிவிடும். இந்த வழி புதிதும் அல்ல. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் சேவையையே கொழும்புக்குப் பக்கத்திலுள்ள ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் விட்டது. பல பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு 2019 நவம்பரில் மறுபடி தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் ஓட ஆரம்பித்தது.

இப்போது அம்மாவின் மாத்திரை. காலை 8, இரவு 8 என்று வைத்துக்கொள்கிறேன். விமானம் 5:30க்குக் கிளம்புகிறது. காலை மாத்திரை நேரம் வரும்போது கிளம்பி இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். சாப்பாடு கொடுத்து முடித்திருப்பார்கள். லண்டனில் 11:10க்கு இறங்கும்போது சென்னையில் மாலை 4:40. குடியேற்ற வரிசை, பெட்டி, கார் எல்லாம் முடிந்து அக்கா வீட்டில் சாப்பிட்டு உட்காரும்போது, லண்டன் பகல் 2:30க்கு, இரவு மாத்திரைக்கான 12 மணி நேரம் முடியும். அதாவது ஒரு வேளை வானத்தில், அடுத்த வேளை அக்கா வீட்டில். அடுத்ததை அப்படியே தொடர்ந்தால் லண்டனில் விடிகாலை 2:30க்கு எழுப்ப வேண்டி வரும். அங்கிருந்து எப்படி மெல்ல நகர்த்துவது என்பதை மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை என்றால் கட்டாயம் கேளுங்கள். அது என் கணக்குக்குள் வராது. மருந்தும் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட வேண்டாம்.

செல்போன் அலாரத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஹீத்ரோவில் போனைப் போட்டவுடன் அது லண்டன் நேரத்துக்கு மாறிவிடும். இரவு 8 மணி அலாரம் அங்கே இரவு 8க்கு அடிக்கும்; அப்போது சென்னையில் நள்ளிரவு தாண்டி 1:30, முந்தின மாத்திரை போட்டுப் பதினேழரை மணி நேரம் ஆகியிருக்கும். அம்மா கையில் பழைய முள் கடிகாரம் ஒன்றைக் கட்டி அனுப்புங்கள். அக்கா வீட்டில் அந்த இரண்டாவது மாத்திரையைப் போடும் வரை அதைச் சென்னை நேரத்திலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள்.